இரண்டாம் வரிசை, இடது இருக்கை

சாத்தூரைத் தாண்டியதும் வேன் முதல் தடவையாக நின்றது.

சட்டென்று நின்றுவிடவில்லை. வேகத்தைக் குறைத்து, இடது பக்க விளக்கைப் போட்டு, பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு, சாலையோரத்தில் ஒரு வேப்பமர நிழலாகப் பார்த்து ஒதுங்கிய பிறகுதான் நின்றது. பிறகு ஒரு பெண் குரலில் பேசியது.

"இரண்டாம் வரிசை, இடது இருக்கையில் இருப்பவர் கோபமாக இருக்கிறார். அவர் அமைதியானதும் பயணம் தொடரும். விரும்பினால் தண்ணீர் குடிக்கலாம்."

இரண்டாம் வரிசை, இடது இருக்கையில் இருந்தவள் கோமதி. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியின் ஹாக்கி கோச். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் கூப்பிட்டால் அந்தக் கோடியில் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். அவளுடைய அணி அந்த வருடம் மாநில இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. போட்டி அடுத்த மாதம். கோமதி நாக்பூருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நாக்பூர், அவளுடைய கணவன் சங்கரலிங்கத்துக்குக் கிடைத்த பதவி உயர்வு. உரக் கம்பெனியில் மண்டல மேலாளர். இந்தச் செய்தியை அவன் இரண்டு வாரங்களுக்கு முன், இரண்டாவது தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னான். அதற்குள் அங்கே வீடு பார்த்து, மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கி, இந்தச் சின்னக் குடும்ப வேனையும் பதிவு செய்திருந்தான். கோமதி அன்றைக்குக் கத்தினாள். மறுநாளும் கத்தினாள். லிங்கம் இரண்டு நாளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சாமான் கட்ட ஆள் வந்தது.

பெரிய சாமான்கள் லாரியில் போய்விட்டன. முன் இருக்கையில் லிங்கத்துக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றிய டிவி. கடைசி வரிசையில் கிரைண்டர். அதற்கு பெல்ட் போடாவிட்டால் வேன் விடாமல் கத்தியதால் போட்டிருந்தார்கள். வேன் அதைத் தூங்கும் பயணி என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஏசியைக் குறைத்துவிட்டது.

"நான் என்ன சொல்லிட்டேன்? அங்க போயிட்டா நீ வெயில்ல நின்னு கத்த வேண்டாம், நிம்மதியா இருக்கலாம்னு சொன்னேன். நல்லதுக்குத்தான சொல்லுதேன்?" என்றான் லிங்கம்.

"நிம்மதி வேணும்னு நான் உங்ககிட்ட கேட்டனா?"

"இரண்டாம் வரிசை, இடது இருக்கை..." என்று வேன் மறுபடி ஆரம்பித்தது.

"ஏட்டி, இத அமத்த முடியாதா?" என்று கோமதி மகளிடம் கேட்டாள்.

மகள் இதழினி வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. அம்மாவின் அணியில் கோல்கீப்பர்.

"அமத்த முடியாதும்மா. சட்டம். சீட்டுக்குள்ள சென்சார் இருக்கு. அது நாடி பாக்கும். மேல இருக்கது குரலக் கேக்கும்."

"வண்டிதான் தானா ஓடுதே. நான் கோவப்பட்டா அதுக்கு என்ன?"

"திடீர்னு ஒரு ஆபத்துன்னா அப்பாதான ஸ்டியரிங்கப் பிடிக்கணும்? சண்டைக்கு நடுவுல பிடிச்சா எங்கயாவது கொண்டு விட்டிருவாங்க. குடிச்சுட்டு ஓட்டுறதும் கோவத்துல ஓட்டுறதும் ஒண்ணுதான்னு வச்சிருக்காங்க. இது வந்த பெறகு ஆக்சிடென்ட் பாதியாக் கொறஞ்சிருக்காம்."

"அப்பாக்கு கோவம் வரலயே. எனக்குத்தான வருது."

"அதான் உன் சீட்டச் சொல்லுது."

கோமதி தண்ணீர் குடித்தாள். வேன் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியது.

மதுரையைத் தாண்டி இரண்டாம் தடவை நின்றது. இறுதிப் போட்டி வரைக்குமாவது இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்று கோமதி கேட்டிருந்தாள். "அடுத்த வருஷமும் போட்டி நடக்கும்ல" என்று லிங்கம் சொன்னான். திண்டுக்கல் பக்கம் மூன்றாம் தடவை நின்றபோது அவன் எதுவுமே சொல்லவில்லை. கோமதி பேசப் பேச ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். மூன்று தடவையும் வேன் ஒரே இருக்கையைத்தான் சொன்னது. திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். "இப்படி நின்னு நின்னு போனா எப்பப் போய்ச் சேர?" என்று அவன் கேட்டான். அதையும் மெதுவாகத்தான் கேட்டான்.

ஒரு நாளில் மூன்று தடவை நின்றால் வண்டி தானாகப் பக்கத்திலிருக்கும் அமைதி மையத்துக்குப் போய்விடும். அதுவும் சட்டம். வேன் நாமக்கல்லில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கழிப்பறைக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவிலிருந்த ஒரு நீல நிறக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றது. உள்ளே வரிசை இருந்தது. திருமண வீட்டுக்குப் போகும் பட்டுச் சேலைக் கூட்டம் ஒன்று பாதியாகப் பிரிந்து, எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

ஆலோசகரின் பெயர் தீபன். முப்பது வயதிருக்கும். மேஜையில் இருந்த திரையைப் பார்த்தபடி பேசினார்.

"சார் ரொம்ப நல்ல பயணிங்க. கிளம்பினதுலேர்ந்து நாடி எழுபதத் தாண்டல. பாப்பா அதவிட நல்லா இருக்காங்க. பின்னாடி தூங்கறவரும் பிரச்சினையில்ல. மேடம், உங்களுக்குத்தான்."

"எனக்கு என்ன?"

"கோபம் வர்றது தப்பில்லீங்க. ஆனா அது வெளிய தெரியாமப் பாத்துக்கணும். சாரப் பாருங்க, எவ்வளவு நிதானமா இருக்காரு."

"அவங்களுக்கு என்னங்க, நெனச்சதெல்லாம் நடக்குது. நிதானமாத்தான் இருப்பாங்க. யாருக்குக் கோவம் வந்துச்சுன்னு உங்க மிஷினுக்குத் தெரியுது. கோவம் வர வச்சது யாருன்னு தெரியுமா?"

தீபன் திரையில் எதையோ தேடிப் பார்த்தார்.

"அந்த வசதி அடுத்த வருஷம் வரும்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

பிறகு அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். சொல்ல வேண்டியதை அப்படியே சொல்லலாம், தடையில்லை. ரயில் நிலையத்தில் வண்டி வருவதை அறிவிப்பார்களே, அந்தக் குரலில் சொல்ல வேண்டும். நாக்கின் நுனியை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூச்சை முழுதாக விட்ட பிறகு பேசத் தொடங்க வேண்டும். கோமதி விளையாட்டுக்காரி. எந்தப் பயிற்சியையும் ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்வாள். கால் மணி நேரத்தில் திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"நீங்க வீட்டிலயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று எழுந்துகொள்ளும்போது கேட்டாள்.

"வேலைல சேந்ததுலேர்ந்து இப்படியே வந்துருச்சுங்க. சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார் தீபன். குரல் மாறவில்லை.

வேன் சேலத்தைத் தாண்டியது. தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் வேன் ஏறத் தொடங்கியபோது கோமதி நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்தாள். மூச்சை விட்டாள்.

"என்னங்க. எனக்கு உங்க மேல மரியாத கொறைஞ்சு போச்சு."

லிங்கம் திரும்பிப் பார்த்தான். வேன் அடுத்த வளைவில் அழகாகத் திரும்பியது.

"பதினாறு வருஷமா நீங்க எதுக்கும் சத்தம் போட்டதில்ல. நான் அத நல்ல கொணம்னு நெனச்சேன். உங்க அம்மாவ நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்பவும் நீங்க சத்தம் போடல. என் ஸ்கூட்டர வித்தப்பவும் போடல. முடிவு எடுத்துட்டு வந்து சொல்லுதவங்களுக்கு சத்தம் எதுக்குன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

"கோமதி, பிள்ள இருக்கா."

"இருக்கட்டும். நான் அமைதியாத்தான பேசுதேன்? வண்டி ஓடுதுல்ல?"

வண்டி ஓடியது. வாழ்நாளில் இவ்வளவு கொடூரமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. கத்தும்போது மனதில் ஒரு மூலையாவது எதிராளிக்காக இரங்கிக்கொண்டிருக்கும். இந்தக் குரலில் அது இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அளந்து எடுத்து, சரியான இடத்தில் வைக்க முடிந்தது. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் தருமபுரி தாண்டியும் விடவில்லை.

"டிரான்ஸ்ஃபர் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சொன்னேனே. ரெண்டு வாரம் முன்னால."

"ஸ்கூல்ல சீட்டு ரெண்டு வாரத்துல கெடைக்காது. அதுக்குப் பிள்ளையோட போட்டோ வேணும், பரீட்ச வேற வச்சிருப்பாங்க. இதழினிக்கு எப்பத் தெரியும்?"

வேன் வேகத்தைக் குறைத்தது. இடது பக்க விளக்கைப் போட்டது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், ஒரு மாம்பழக் கடைக்கு எதிரே ஒதுங்கி நின்றது.

"முதல் வரிசை, வலது இருக்கையில் இருப்பவர் பதற்றமாக இருக்கிறார். அவர் அமைதியானதும் பயணம் தொடரும். விரும்பினால் தண்ணீர் குடிக்கலாம்."

லிங்கம் தண்ணீர் குடிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி நின்றிருக்கும்போது அதைப் பிடிக்கத் தேவையே இல்லை.

"பொங்கல் லீவுலயே தெரியும்மா" என்றாள் இதழினி. "ஆன்லைன்ல பரீட்ச எழுதினேன். நீ கிரவுண்டுல இருந்த. உங்கிட்ட அப்பாவே சொல்லிக்கிடுதேன்னு சொன்னாங்க."

கோமதி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. குரலில் நடுக்கம் இல்லை. இதழினியின் இருக்கைக் கைப்பிடியில் இருந்த சின்ன விளக்கு காலையில் கிளம்பியதிலிருந்து எப்படி எரிந்ததோ அப்படியே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் லிங்கத்தின் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் அவளுக்கு வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"இத்தன மாசமா எங்கூடத்தான சாப்பிட்ட, எங்கூடத்தான தூங்குன. எப்படிட்டி ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்த?"

"அது கஷ்டம் இல்லம்மா. கிளாஸ்ல ஒவ்வொரு டெஸ்க்லயும் வெளக்கு இருக்குல்ல. யாருக்காவது சிவப்பு எரிஞ்சா கிளாஸ் முழுசுக்கும் அன்னைக்கு விளையாட்டு கெடையாது. அதனால யாரும் எரிய விட மாட்டோம். நாக்கப் பல்லுக்குப் பின்னால வச்சிட்டு, மூச்ச விட்டுட்டு..."

"போதும்" என்றாள் கோமதி.

அந்த வருடம் முழுக்க மைதானத்தில் அவள் மகளைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். 'கூப்பிடுட்டி! பின்னால நிக்க உனக்குத்தான முழுக் கிரவுண்டும் தெரியுது, முன்னால நிக்கவளுக்குச் சத்தம் குடு' என்று. அரையிறுதியில் எதிரணிப் பெண் ஒருத்தி இடப் பக்கமாகத் தனியாக ஓடி வந்ததை இதழினி பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. கோல் விழுந்தது. பிறகு பெனால்டியில் அதே இதழினி கல் மாதிரி நின்று நான்கைத் தடுத்ததால்தான் இறுதிப் போட்டிக்கே வந்தார்கள். அவள் குரல் கொடுக்காததைக் கோமதி கூச்சம் என்று நினைத்திருந்தாள். வயதானால் சரியாகிவிடும் என்று இருந்தாள்.

"இறங்கு" என்றாள்.

"எங்கம்மா?"

"இறங்குன்னா இறங்கு. நாம ஊருக்குப் போறோம்."

லிங்கம் கதவைத் திறந்து வெளியே வந்தான். "கோமதி, நடுரோட்டுல என்ன இது? கொஞ்சம் பொறு, பேசிக்கிடலாம்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. கோமதி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். இதழினி அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனாள்.

காவேரிப்பட்டினத்தில் ஏறிய பேருந்து சேலம் போகிற பழைய அரசுப் பேருந்து. மனிதர்தான் ஓட்டினார். இருக்கைகளுக்குள் பஞ்சைத் தவிர ஒன்றும் கிடையாது. உள்ளே நடத்துநருக்கும் ஒரு பயணிக்கும் சில்லறைத் தகராறு. முன்பக்கம் ஜன்னலை மூடுவதா திறப்பதா என்று இரண்டு பேர் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே லாரிகளை முந்தினார். பாதி விபத்துகள் இந்த மாதிரி வண்டிகளில்தான் நடக்கின்றன என்று இதழினி பாடத்தில் படித்திருந்தாள். முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கோமதிக்கு மனது லேசாகியிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். விடிவதற்குள் கோவில்பட்டி போய்விடலாம். கொஞ்ச நாள் சித்தி வீட்டில் தங்கலாம். பழைய பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலையில் பயிற்சிக்கு வந்துவிடலாம்.

"உனக்கு இனிமே தனியாப் பயிற்சி. ஒரு வாரம் பந்தே கெடையாது. குரல் மட்டும்தான். என்ன, சரியா?"

இதழினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் அசைவதைக் கோமதி கவனித்தாள். நாக்கு பல்லுக்குப் பின்னால் போகிறது என்று புரிந்தது. மூச்சு வெளியே வந்தது. ஆனால் இந்தத் தடவை அது பாதியில் நின்றுவிட்டது.

"நீ மட்டும் என்னயக் கேட்டியா?"

"என்னது?"

"அப்பா உன்னயக் கேக்கலன்னு கோவில்பட்டியிலிருந்து சண்ட போட்டுட்டே வாறியே. என்னய யாரு கேட்டா? அப்பா வேன்ல ஏறுன்னாங்க, ஏறுனேன். நீ இறங்குன்னு சொன்ன, இறங்குனேன். நாக்பூர் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு யாராவது கேட்டீங்களா? எனக்கு ஹாக்கி பிடிக்குமான்னு நீ எப்பவாவது கேட்டியா?"

கடைசி வரி கத்தலாக வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவள் பயன்படுத்தாத குரல் என்பதால் நடுவில் பிசிறடித்தது. சில்லறைத் தகராறு நின்றது. ஜன்னல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் பலாப்பழத்தை வைத்திருந்த ஒரு அம்மாள், "கண்ணு கேக்கறது ஞாயந்தானே" என்று பொதுவாகச் சொன்னாள்.

இதழினி சட்டென்று வாயை மூடிக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். பேருந்து வேகம் குறையும், ஓரமாக ஒதுங்கும் என்று காத்திருந்தாள். பேருந்து அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் கியரை மாற்றி இன்னொரு லாரியை முந்தினார்.

"எனக்கு ஹாக்கி பிடிக்காதும்மா!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். "பிடிக்கவே பிடிக்காது!"

அப்போதும் நிற்கவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

கோமதி மகளின் பக்கம் திரும்பினாள். தன் மூச்சு சீராக இருந்ததை உணர்ந்தாள். நாடியும் சீராகத்தான் இருந்திருக்கும். மகளுக்கு என்ன செய்ய வேண்டும், எங்கே தங்க வேண்டும், திங்கட்கிழமை எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் இவ்வளவு நேரம் மிக நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். லிங்கம் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்ன அதே நிதானம்.

"தருமபுரியில இறங்குவமா?" என்று கேட்டாள். பிறகு, "இறங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இதழினி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பசிக்கு. இறங்கலாம்" என்றாள்.

தருமபுரிப் பேருந்து நிலையத்தின் டீக்கடையில் அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லிங்கம் வந்து சேர்ந்தான். அடுத்த பேருந்தில் நின்றுகொண்டே வந்தவன், அது நிலையத்துக்குள் நுழைந்தபோது அவர்களைப் பார்த்து இறங்கியிருக்கிறான். சட்டை கசங்கி, ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. வேன் அவனை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கமும் நகர மறுத்துவிட்டதாம். தண்ணீர் குடித்துப் பார்த்தான், கண்ணை மூடிப் பார்த்தான், பயனில்லை. மாம்பழக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

"ஒரு வார்த்த சொல்லாம இறங்கிப் போனா என்ன அர்த்தம்? நான் என்ன கல்லா?" என்றான் லிங்கம். அவன் கத்தி கோமதி கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கத்தத் தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய், மூச்சு போதாமல் இருமினான்.

"தண்ணி குடிங்க" என்றாள் கோமதி.

"வேண்டாம்! நீ வேண்டாம்னுருவேன்னு பயந்துதான் சொல்லல. கேட்டா நீ வேண்டாம்னுதான சொல்லியிருப்ப?"

"ஆமா! வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்! அதுக்குத்தான் கேக்கணும்!"

"என்னயும் ரெண்டு பேரும் கேக்கணும்!" என்றாள் இதழினி, வாயில் பஜ்ஜியோடு.

லிங்கம் பிறகு தனியாகத்தான் நாக்பூர் போனான். இதழினி இறுதிப் போட்டியில் விளையாடினாள். வேறு கோல்கீப்பர் இல்லை என்பதால் அதுவரை மட்டும் என்று அவளாகவே சொன்னாள். முழு ஆண்டுப் பரீட்சைக்குப் பிறகு எந்த ஊர் என்பதை மூன்று பேரும் பேசித்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. போட்டியில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் கீப்பர் பெண் முன்னால் நின்றவர்களை ஏசிய ஏச்சு மைதானத்துக்கு வெளியே கேட்டது என்று சொல்கிறார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குத் தருமபுரியில் எதுவும் முடிவாகவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்கூட்டர் விற்ற கதை வந்தது, லிங்கத்தின் அம்மா வந்தார், பொங்கல் லீவு வந்தது. ஓசூர் போகிற வண்டியும் சேலம் போகிற வண்டியும் ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிளம்பிப் போயின.

டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க. இது கஸ்டமர் வர்ற வழி" என்றார்.

மூன்று பேரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு தொடர்ந்தார்கள்.